ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் கழிப்பறை, இந்தப் பக்கம் ஏன் இப்படி?

மார்த்தாண்டத்து மருமகள்:

எனக்குப் பிறந்த ஊர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம். கட்டிக்கொடுத்தது நெல்லை மாவட்டத்தில் வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஊர்க்காரங்க யாராவது இங்கேயும் இருப்பீங்க. நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் காவல்கிணறு, பணகுடி, அப்புறம் வள்ளியூர். அவ்வளவு தூரம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது, வெட்கத்தை விட்டே கேட்கிறேன்.

எங்கள் பக்கம் ஓலை வீட்டில் இருந்தவர்கள்கூட விளையின், அதாவது வீட்டைச் சுற்றின தோப்பின், ஒரு மூலையில் குழி வெட்டி, சுற்றி ஓலை மறைத்து வைத்திருந்தார்கள், பாட்டி காலத்துக் கதை அது. இங்கே மாடி வீடு, வாசலில் கார், மகன் துபாயில், ஆனாலும் காலையில் ஆண்கள் குளத்தங்கரைக்கு, பெண்கள் விடியுமுன்னே உடை மரம் அடர்ந்த உடங்காட்டுக்கு. எங்கள் வீட்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டின கழிப்பறை இருக்கிறது. நான் வரும்வரை அதற்குள் விறகும் உரமூட்டையும்தான் கிடந்ததாம். எனக்காக ஒழித்துக் கொடுத்தார்கள், மாமியாருக்கு என் மேல் பிரியம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அதில் போவதே இல்லை. கேட்டால் "எல்லாரும் போனா நெறஞ்சிரும்லா தாயி" என்கிறார்கள். மாமனாரிடம் கேட்கவே வேண்டாம், சோறு பொங்குகிற வீட்டில் அதுவா என்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். கேரளத்துக் கிராமங்களில் 93 சதவீத வீடுகளில் கழிப்பறை இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 23 சதவீதம். நாடு முழுக்க உள்ள கிராமங்களின் சராசரியே 31, நாம் அதற்கும் கீழே. குமரி மாவட்டம் மட்டும் தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு கேரளத்துப் பக்கமாக நிற்கிறது. தயவுசெய்து படிப்பு என்று சொல்லிவிடாதீர்கள், என் மாமனார் ஓய்வுபெற்ற வாத்தியார். மதம் என்றும் சொல்ல முடியவில்லை, இரண்டு பக்கமும் அதே சாதி, அதே சி.எஸ்.ஐ. சபை, அதே அய்யாவழி வழிபாட்டுத் தாங்கல்கள். பிறகு என்னதான் காரணம்?

களக்காட்டு அண்ணாச்சி:

நல்ல கேள்வி மருமகளே. ஊராட்சியில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1999ல் வந்த முழு சுகாதார இயக்கம், 2012ல் அதையே பெயர் மாற்றிக் கொடுத்த நிர்மல் பாரத், 2014 அக்டோபர் 2லிருந்து தூய்மை இந்தியா, எல்லாக் கோப்பும் என் கை வழியாகப் போயிருக்கிறது. எல்லாவற்றிலும் எத்தனை கட்டினோம் என்று எழுதினோமே தவிர, கட்டினதில் யார் போகிறார்கள் என்று எழுத ஒரு கட்டம்கூட அந்தப் படிவத்தில் பெரிதாக இருக்கவில்லை. சரி, அது வேறு கதை.

கழிப்பறையைக் கொஞ்சம் மறந்துவிட்டு வீடு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் ஒவ்வொரு வீடும் அவரவர் விளைக்குள் தனியாக நிற்கும். பத்து சென்டோ முப்பது சென்டோ, அதில் தென்னை, பலா, ஒரு கிணறு. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குப் பிடிபடாது. அங்கே ஒருத்தர் ஒதுங்க வேண்டுமென்றால் எங்கே போவார்? எங்கே கால் வைத்தாலும் யாரோ ஒருவருடைய விளை. ஆகவே தன் இடத்துக்குள்ளேயே ஒரு மூலை தேடியாக வேண்டும். மூலை கிடைத்தால் மறைப்பு வரும், இரண்டு பருவமழையும் அடித்துப் பெய்கிற ஊரில் மறைப்புக்குக் கூரையும் வரும், அது கழிப்பறை ஆகிவிடும். 2011 கணக்கில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். பழைய நெல்லை மாவட்டத்தில், தென்காசி பிரியாதபோது, அதில் பாதிகூட இல்லை.

இங்கே தெரு தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டி வீடு. முன்வாசல் தெருவில், பின்வாசல் அடுத்த தெருக்காரனுடைய பின்வாசலில், நடுவில் மாட்டுத்தொழுவும் உரக்குழியும். ஆனால் ஊரைத் தாண்டினால் புறம்போக்கு, ஓடை, குளம், பனங்காடு, கண்ணுக்கெட்டிய மட்டும் உடை மரம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் மலை மறைத்து மழை குறைந்த பூமி, வருஷத்தில் பாதிநாள் காய்ந்து கிடக்கும். வெளியே இடம் தாராளம், உள்ளே கட்ட இடமில்லை, கட்டினால் ஊற்றத் தண்ணீர் இல்லை. தண்ணீரைத் தலையில் சுமக்கிறவள் பெண்பிள்ளை. வீட்டுக்குள் கழிப்பறை வந்தால் நடை மிச்சமாகும் என்று நீங்கள் பார்ப்பீர்கள், அவள் இன்னும் இரண்டு குடம் என்று பார்ப்பாள்.

அப்போது குமரியை ஆண்ட திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பங்கையும் விடக்கூடாது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கிற சனத்துக்குப் பாதம் வழியாக ஏறுகிற கொக்கிப்புழு பெரிய சீக்கு. 1920களின் கடைசியிலேயே ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு அங்கே அதற்கு எதிராக வேலை நடந்தது. 1956 நவம்பர் 1ல் குமரியின் நாலு தாலுகாக்கள் நம்மோடு சேர்ந்தபோது அந்தக் கழிப்பறைப் பழக்கமும் கூட வந்தது. ஆனால் குமரி முழுக்க அப்படி என்றும் நினைக்காதீர்கள். தோவாளைப் பக்கத்து நெல்வயல் ஊர்களில் எங்கள் ஊர் மாதிரிதான் தெருவீடுகள், அங்குள்ள கிழவிகளைக் கேட்டால் பழையாற்றங்கரைக்கு ஒதுங்கப் போன கதை சொல்வார்கள்.

நெல்லைச்சீமை77:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சோம்பேறித்தனம், வேறென்ன. எங்கள் ஊரில் வெளியே போகிறவர்களைத் தடுக்கக் காலையில் ஆட்கள் விசிலோடு குளத்தங்கரையில் நின்றார்கள், டார்ச் அடித்தார்கள், அபராதம் என்றார்கள். ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது.

கரிசல்காட்டான்:

சரியாகிவிட்டதா, இல்லை வேறு கரைக்கு மாறிவிட்டார்களா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? இருட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்தில் டார்ச் அடிப்பதைச் சாதனை என்று எழுத எப்படி மனசு வருகிறதோ.

நான் சங்கரன்கோவில் பக்கம், காலனி ஆள். அண்ணாச்சி சொன்ன வீடு, தெரு கணக்கெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் நாசூக்காகத் தாண்டிப் போன இடம் ஒன்று இருக்கிறது. தங்கச்சி, உங்கள் மாமியார் சொன்ன "நெறஞ்சிரும்" என்ற சொல்லில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நிறைந்தால் என்ன? குழி என்றால் நிறையத்தான் செய்யும். நிறைந்ததை யார் அள்ளுவது என்பதுதானே பயம். நம் ஊர்களில் அதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்துப் பழகிவிட்டோம். டவுன்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் விடியுமுன் பின்சந்து வழியாக வந்து வாளியில் அள்ளிப் போனவர்கள் அருந்ததியர். இன்று அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகப் பார்க்கிறார்கள், அள்ள வர மாட்டோம் என்கிறார்கள், அது நியாயம். 2013ல் சட்டமும் வந்துவிட்டது, மனிதனைக் கொண்டு அள்ளக்கூடாது, தொட்டிக்குள் இறக்கக்கூடாது என்று. அப்படியும் இறக்கிச் செத்தால் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது, 2023ல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நின்றபாடில்லை.

ஆக, பழைய சாதி வேலையாள் கிடைக்க மாட்டான், தன் வீட்டுக் குழியைத் தானே தொடுவதும் நடக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்ன செய்யும்? வசதியுள்ளவன் நிறையவே கூடாது என்று பத்தடி நீளம், ஆறடி அகலத்துக்குக் கிணறு மாதிரித் தொட்டி கட்டுவான், லட்சக்கணக்கில் போகும். வசதியில்லாதவன் அரசாங்கக் குழியைப் பார்த்து "இது ஒரு வருஷம் தாங்குமா" என்று பூட்டி வைத்துவிட்டு உடங்காட்டுக்கே போவான். மாமியார் சிக்கனமாக உங்களுக்காகக் குழியைச் சேமித்து வைக்கிறார், வேறொன்றுமில்லை. 2014ல் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஹரியானா கிராமங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேல் ஒருவராவது வெளியேதான் போகிறார். இங்கிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், ஆனால் காரணம் நம் ஊர் வாசனைதான் அடிக்கிறது.

இன்னொன்று, வெளியே இடம் தாராளம் என்கிறாரே அண்ணாச்சி, யாருக்குத் தாராளம்? எங்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. ஒதுங்குவது அடுத்தவன் புஞ்சையில். சாதிச் சண்டை ஒன்று வந்தால் முதலில் அடைபடுவது அந்தப் பாதைதான், 1990களில் அதை எங்கள் பெண்கள் அனுபவித்தார்கள். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கிடந்தவர்கள் இருக்கிறார்கள். 2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும் ஊர் எல்லையில் இருந்த மறைப்பும் போயிற்று. மரம் போனது நல்லதுதான், ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த மூன்று சென்டில் வீடு, அடுப்பு, ஆட்டுக்குடில், அதற்குள் குழியும் வேண்டும். எங்கள் கரிசல் மண்ணோ மழையில் தண்ணீரை உள்ளே விடாது, கோடையில் வெடித்துச் சுவரையே பிளக்கும்.

பொருநைக்கரை சுப்பு:

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பைக்கும் நடுவில், தாமிரபரணிப் பாசனம். இங்கே நிலைமை வேறு, யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். இடம், தண்ணீர் இரண்டுமே இங்கே பிரச்சினை இல்லை. ஆறும் கால்வாயும் இருப்பதால்தான் கழிப்பறை வரவில்லை என்பேன். ஆற்றுக்குப் போவது, அப்படியே குளிப்பது, துவைப்பது, ஒரு குடம் எடுத்து வருவது, எல்லாம் ஒரே நடை. பெண்களுக்கு மாமியார் காது இல்லாமல் பேசக் கிடைத்த நேரமும் அதுதான், என் அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லி ஏங்குவாள். நான் ஏங்கவில்லை, மழைக்காலத்தில் வழுக்குகிற வரப்பில் இருட்டில் போனவளுக்குத் தெரியும். மேலே உள்ள ஊர் கரையில் இருந்தது கீழே உள்ள ஊர்க் குடத்தில் வந்தது, காலரா காலத்துக் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இப்போது பாதி வீட்டில் கட்டிவிட்டார்கள். பிசான நெல் நிற்கும்போது, ஐப்பசி கார்த்திகையில், நாலடி தோண்டினால் தண்ணீர். குழியிலிருந்து மண்ணுக்குள் ஊறுவதற்குப் பதில் வெளியிலிருந்து உள்ளே ஊறி வரும். ஊற்றினால் இறங்காது, பின்னுக்குப் பொங்கும். அந்த இரண்டு மாதம் மறுபடியும் கால்வாய்க் கரைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என்ன ஆனது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, குழியும் கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்தது. மேட்டில் குழி எழுப்பிக் கட்டினால் தாங்கும், ஆனால் திட்டத்தில் எல்லா மண்ணுக்கும் ஒரே வரைபடம்.

கடையநல்லூரான்:

சின்னதாக ஒன்று. கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் தெருக்களில் பாருங்கள், இரண்டு சென்ட் வீட்டில்கூடப் பின்கட்டில் கழிப்பறை இருக்கும், அது ரொம்பக் காலமாக. சுவரோடு சுவர் ஒட்டின வீடுதான் எங்களுக்கும். ஆனால் பெண்கள் வெளியே போக முடியாது என்ற வழக்கம், தொழுகைக்கு ஐந்து வேளை ஒளு செய்ய, அதாவது கைகால் முகம் கழுவ, வீட்டுக்குள் தண்ணீர், இரண்டும் சேர்ந்து இடத்தை உண்டாக்கிவிட்டது. இந்தியா முழுக்கவே முஸ்லிம் வீடுகளில், ஏழையாக இருந்தாலும், கழிப்பறைப் பழக்கம் அதிகம், குழந்தைச் சாவு குறைவாக இருப்பதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அடைத்து வைத்ததால் வந்த நன்மை அது. நிறைந்தால் அள்ள ஆள் கூப்பிடுவதில் எங்கள் தெருவும் உங்கள் தெரு மாதிரிதான், அதில் கரிசல்காட்டான் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

அண்ணாச்சி கணக்கோடு இது பொருந்துகிறது என்று நினைக்கிறேன். விளைக்காரர்களுக்கு வெளியே இடம் இல்லை, எங்கள் பெண்களுக்கு வெளியே வழி இல்லை.

மார்த்தாண்டத்து மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. கரிசல்காட்டான் அண்ணன் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, அள்ளுகதுக்கு யார் வருவா" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குழி ஒன்றே ஒன்று, அடியில் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறது, கட்டினவர் உறுதியாக இருக்கட்டும் என்று போட்டாராம். அதனால்தான் சீக்கிரம் நிறைகிறதா? மண் செம்மண், மூன்றடிக்குக் கீழே சரள். கிணறு வடக்கே இருக்கிறது. இரண்டு குழி முறை என்கிறார்களே, அது இங்கே நடக்குமா?

உறை இறக்குகிறவன்:

கொத்தனார் நான், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் வேலை. அக்கா, அடியில் கான்கிரீட் போட்டால் அது குழியாக இல்லாமல் தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும், சில மாசத்தில் நிறையத்தான் செய்யும். உறுதிக்குப் போட்டேன் என்று நிறையப் பேர் சொல்வான், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடி மண்ணாக இருக்க வேண்டும், பக்கச் சுவரில் செங்கலுக்கு இடையே சந்து விட்டுக் கட்ட வேண்டும், அல்லது ஓட்டை போட்ட சிமெண்ட் உறை இறக்க வேண்டும். தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும், மேலே புகைக்குழாய்கூடத் தேவையில்லை.

உங்கள் பழைய குழியின் அடியை உடைத்துவிடலாம், பக்கத்தில் ஒரு மீட்டராவது தள்ளி இன்னொரு குழி. மூன்றரை அடி அகலம், நாலடி ஆழம் போதும், அஞ்சு பேர் வீட்டுக்கு ஒரு குழி மூணு வருஷத்துக்குக் குறையாமல் வரும். இரண்டுக்கும் நடுவில் சின்னத் தொட்டி வைத்து ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறந்துவிட வேண்டும். ஒன்று நிறைந்ததும் மாற்றிவிட்டு இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் காய்ந்து கறுப்பு மண்ணாகிவிடும், நாற்றம் இருக்காது, தென்னைக்கு நானே வெட்டிப் போட்டிருக்கிறேன். முதல் தடவை என் அப்பா வீட்டுக்குள் விடவில்லை, குளித்துவிட்டு வா என்றார். அடுத்த தடவை அவரே வந்து கூடையில் அள்ளினார்.

சரள் வந்தால் கடப்பாரை வேலை கூடும், கூலி ஏறும். அதற்காக ஆழத்தைக் குறைத்தால் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி வையுங்கள், கிணறு வடக்கே என்றால் குழி தெற்கே போகட்டும். உதிர்கிற மணலான தேரி மண்ணாக இருந்தால் வேறு பேச்சு, அங்கே சுவர் சரிந்துவிடும், உறைதான் போட வேண்டும், கிணற்றுக்கு இன்னும் தள்ளி. பொருநைக்கரை அக்கா ஊர் மாதிரித் தண்ணீர் மேலேயே நிற்கிற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, கழிப்பறைக் கோப்பையைப் பாருங்கள். டவுன் கடையில் விற்கிற சாதாரணக் கோப்பைக்கு ஒரு வாளி ஊற்ற வேண்டும். சரிவு அதிகமான கிராமத்துக் கோப்பை என்று தனியாக இருக்கிறது, இரண்டு லிட்டரில் போய்விடும். கேட்டு வாங்க வேண்டும், கடைக்காரன் தானாக எடுத்துத் தர மாட்டான், அதில் லாபம் குறைவு.

கரிசல்காட்டான்:

தம்பி சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அந்த மண்ணை எடுக்கும்போது "ஆள் கூப்பிடு" என்று உங்கள் மாமனார் காலனிப் பக்கம் திரும்பினால் பழைய கதைதான். அதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள் தங்கச்சி.

மார்த்தாண்டத்து மருமகள்:

பேசிவிட்டேன் அண்ணா. என் வீட்டுக்காரர் நான் எடுக்கிறேன் என்கிறார், மாமனார் எழுந்து போய்விட்டார். மாமியார் கேட்டது வேறு: இரண்டாவது குழி வெட்டுகிற இடத்தில் முருங்கை நிற்கிறது, அதை வெட்டாமல் தள்ளி வைக்க முடியுமா என்று. கொத்தனார் தம்பி, முருங்கை வேர் குழிச்சுவரை என்ன செய்யும்?

உறை இறக்குகிறவன்:

வேர் ஈரத்தைத் தேடி வரும் அக்கா, செங்கல் என்றால் பெயர்க்கும். உறை போடுங்கள், மரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி. முருங்கை நிற்கட்டும்.